பூட்டிய வாயிலிருந்து தொடங்குங்கள்: ஓபராவை அனிமேஷன் படமாக்க ஒரு வழிகாட்டி

மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில், அதாவது பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்தில், பாப்பகேனோ என்று ஒரு பறவை பிடிப்பவன் வருகிறான். உடம்பெல்லாம் இறகு. யாரோ கொன்ற பாம்பைத் தான்தான் கொன்றதாகப் பொய் சொல்லிவிடுகிறான். அதற்குத் தண்டனையாக அவன் வாயில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் பாடவேண்டிய இடம் வருகிறது. வாயைத் திறக்க வழியில்லை. ‘ம்ம் ம்ம் ம்ம் ம்ம்’ என்று மூக்காலேயே மெட்டைப் பாடி, பூட்டைக் காட்டி, எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

ஓபராவை அனிமேஷன் ஆக்க ஆசைப்படும் புதியவர்கள் இந்த ஒரு நிமிடத்தில் தொடங்கவேண்டும் என்பேன். பாட்டு இருக்கிறது, ஆனால் உதட்டசைவைப் பொருத்தும் வேலை இல்லை. மொழி தெரியாதவருக்கும் என்ன நடக்கிறது என்று புரியும். வாய் பூட்டியிருப்பதால் கெஞ்சலை எல்லாம் கண், புருவம், தோள், இறகு ஆகியவற்றிலேயே காட்டியாக வேண்டும். அனிமேஷன் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே ஓபராவை வைத்துத்தான் பேசப்போகிறேன். வேறு ஓபரா எடுப்பவர்களுக்கும் வழி பெரும்பாலும் இதேதான்.

எவ்வளவு எடுப்பது

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ‘மாயப் புல்லாங்குழல்’ மேடையில் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படச்சட்டம், என்றால் 2,16,000 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் 1,08,000 படம் வரையவேண்டும். ஒரு நாளைக்கு 20 படம் என்று ஒருவர் உட்கார்ந்து வரைந்தால் 5,400 நாள், ஏறக்குறைய பதினைந்து வருடம். அதே கணக்கில் ஒரு நிமிடத்துக்கு 720 படம், 36 நாள். பாப்பகேனோவின் பூட்டு ஒரு விடுமுறைக் காலத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்த நிலையில் மூன்று வழிகள் உண்டு. ஒரே ஒரு பாட்டை எடுப்பது ஒன்று. இரண்டாவது, ஓவர்ச்சர் எனப்படும் தொடக்க இசையை மட்டும் எடுப்பது. அதில் பாட்டே கிடையாது, கதையை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் எமானுவேலே லுஸ்ஸாத்தி, ஜூலியோ ஜியானினி இருவரும் 1964இல் ரொஸ்ஸினியின் ‘திருட்டு மேக்பை’ ஓபராவின் ஓவர்ச்சருக்கு இப்படித்தான் படம் செய்தார்கள். ஓபராவில் கதை, வெள்ளிக் கரண்டி திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பற்றியது. இவர்கள் அதைத் தொடவேயில்லை. பறவை வேட்டைக்குப் போகும் மூன்று அரசர்களையும் அவர்களை எதிர்க்கும் ஒரு மேக்பை பறவையையும் வைத்து, முரசின் ஒலிக்கும் இசையின் வேகத்துக்கும் ஏற்ற வேறொரு கதை சொன்னார்கள். வெட்டிய காகிதத்தால் ஆன அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

மூன்றாவது வழி, ஒரு பாத்திரத்தின் இழையை மட்டும் உருவி எடுப்பது. பத்து நிமிடம் வரை போக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். ‘மாயப் புல்லாங்குழ’லில் இளவரசன் தமீனோ, அவன் தேடிப்போகும் பமீனா, அவளுடைய தாய் இரவு ராணி, ராணிக்கு எதிரான ஞானி ஸராஸ்ட்ரோ என்று பெரிய கதை ஒன்று ஓடுகிறது. அதற்குள்ளே, துணை தேடும் பாப்பகேனோவின் கதை தனியாக நிற்கக்கூடியது. நிழலுருவ அனிமேஷனின் முன்னோடியான லோட்டே ரைனிகர் 1935இலேயே அதைக் கண்டுகொண்டு, பாப்பகேனோவின் பெயரிலேயே ஒரு குறும்படம் எடுத்தார்.

ஏன் இந்த ஓபரா

1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் நகர மதிலுக்கு வெளியே இருந்த ஒரு நாடகக் கொட்டகையில் இது முதலில் மேடையேறியது. அரண்மனை அரங்கில் அல்ல, சாதாரண மக்கள் காசு கொடுத்துப் பார்த்த இடத்தில். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 5 அன்று மொசார்ட் இறந்துபோனார்.

எழுதியவர் இமானுவேல் ஷிக்கானேடர். கொட்டகையை நடத்தியவரும் அவர்தான், முதல் பாப்பகேனோவாக நடித்தவரும் அவர்தான். அவர் முதலில் நடிகர், அப்புறம்தான் பாடகர். அதனால் மொசார்ட் பாப்பகேனோவுக்கு எழுதிய மெட்டுகள் எல்லாம் யாரும் முணுமுணுக்கக்கூடியவை, குரலை அதிகம் மேலே இழுக்காதவை. உங்கள் நண்பர் வட்டத்தில் சுருதி சேர்ந்து பாடும் ஒருவர் இருந்தால் அவரே பாடிவிடலாம். இரவு ராணியின் பாட்டு அப்படியல்ல. அதை மொசார்ட் தன் மனைவியின் அக்கா யோசெஃபா ஹோஃபருக்காக எழுதினார். அவர் தொட்ட உச்சியைத் தேர்ந்த பாடகர்களே அஞ்சி அஞ்சித்தான் அணுகுவார்கள்.

இன்னொரு வசதி: இது ‘சிங்ஷ்பீல்’ என்ற ஜெர்மானிய வகை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெறும் பேச்சு வரும். இத்தாலிய ஓபராக்களில் பேச்சும்கூட ரெசிட்டேட்டிவ் என்ற, பேச்சு போன்ற பாடலாக வரும். அங்கே கத்தரி வைப்பது கடினம். இங்கே வசனத்தை முழுவதும் எடுத்துவிட்டு படங்களாலேயே நிரப்பிவிடலாம்.

காதால் வேலை

பென்சிலை எடுக்கும் முன் ஒரு வாரம் கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் படிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது தடவை லிப்ரெட்டோவை, அதாவது பாட்டும் வசனமும் அடங்கிய நூலை, மொழிபெயர்ப்போடு கையில் வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை பியானோ ஸ்கோரோடு. மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது என்று இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். நிற்கவேண்டாம். ஸ்கோரில் செங்குத்துக் கோடுகள் இருக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பது ஒரு பார், நம் ஆவர்த்தனம் மாதிரி. பாட்டைக் கேட்டுக்கொண்டே கோடு கோடாக விரலை நகர்த்தினால் போதும். நாலைந்து முறையில் பழகிவிடும். பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைக்குறிப்பு நூலகத்தில் கிடைக்கின்றன. சால்ஸ்பர்கின் மொசார்ட்டேயம் அறக்கட்டளை புதிய ஆய்வுப் பதிப்பையே சொந்தப் படிப்புக்காக இணையத்தில் திறந்துவைத்திருக்கிறது.

ஒவ்வொரு பாருக்கும் நேரே ஒரு நோட்டில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இசையில் என்ன மாறுகிறது, பாடுபவருக்குள் என்ன மாறுகிறது. ‘வயலின் நின்றுவிட்டது’, ‘இங்கே அவள் நம்பிக்கையை விடுகிறாள்’ என்ற அளவில் போதும். இரண்டு பத்திகளும் ஒத்துப்போகும் இடம் உண்டு, முரண்படும் இடமும் உண்டு. வாய் தைரியம் பேசும்போது கீழே இசை நடுங்கும். ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் முன்வரைவு, பிறப்பது பெரும்பாலும் இந்த முரண்களில்தான். அவற்றின் மேல் சிவப்பு வட்டம் போட்டுவையுங்கள்.

உரிமைச் சிக்கல்

‘மொசார்ட் செத்து இருநூறு வருஷம் ஆச்சே, யார் கேட்பார்கள்’ என்று நினைத்து, இணையத்தில் கிடைத்த ஒரு பதிவை எடுத்துப் போட்டுப் படத்தை முடித்து, பிறகு எங்கும் திரையிட முடியாமல் போனவர்கள் உண்டு. மெட்டு பொதுச்சொத்து. ஆனால் ஒரு குழு வாசித்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அமெரிக்காவில் கணக்கே வேறு. 1957 முதல் 1972 தொடக்கம் வரை வந்த பதிவுகளுக்கு அங்கே 2067 வரை பாதுகாப்பு இருக்கிறது. இங்கே சுதந்திரமான ஒரு பழைய பதிவு அங்கே சுதந்திரமாக இல்லாமல் இருக்கலாம். இணையத்தில் ஏற்றினால் எல்லா நாட்டுக்கும்தானே போகிறது.

மொழிபெயர்ப்பாளருக்கும் உரிமை உண்டு என்பதை மறக்கவேண்டாம். ஷிக்கானேடரின் ஜெர்மன் மூலம் எல்லோருக்கும் சொந்தம், போன வருடம் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படியல்ல. ஜெர்மனியில் புதிய ஆய்வுப் பதிப்புக்கும் 25 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. மற்ற ஓபராக்களை எடுப்பவர்கள் இசையமைப்பாளர் இறந்த ஆண்டை முதலில் பாருங்கள். இந்தியாவில் இறந்த பின் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. பூச்சினி 1924இல் இறந்தார், அதனால் அவர் இசைக்குத் தடையில்லை. ஆனால் அவர் முடிக்காமல் விட்ட ‘துரான்தோ’த்தை முடித்த அல்ஃபானோ 1954 வரை இருந்தார். அந்தக் கடைசிக் காட்சிக்கு ஐரோப்பாவில் உரிமை 2024 முடியும்வரை நீடித்தது.

என் யோசனை: நீங்களே பதிவு செய்யுங்கள். ஒரு பியானோ, ஒரு குரல் போதும். பாடகருடனும் வாசிப்பவருடனும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ரா இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. மாறாக, பாடகர் மூச்சு இழுக்கும் ஒலி காதுக்குப் பக்கத்தில் கேட்கும், அது படத்துக்குப் பெரிய பலம். பதிவின்போது பாடகர் காதில் மெட்ரோனோம் டிக்டிக்கை ஓடவிடலாமா என்று கேட்பார்கள். ஓடவிட்டால் பிறகு ஃப்ரேம் கணக்கு சுலபம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு விறைத்துப்போகும். மொசார்ட்டில் பாடகர் ஒரு சொல்லுக்காக அரை நொடி தாமதிப்பதில்தான் உயிர் இருக்கிறது. கணக்குச் சிரமத்தை நாம் பட்டுக்கொள்ளலாம்.

எங்கே கத்தரி வைப்பது

பாட்டின் நடுவே வெட்டாதீர்கள். ஓபராவை அறியாத காதுக்கும் அந்த வெட்டு உறுத்தும். பாப்பகேனோவின் இழையை எடுப்பவர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. அவன் அறிமுகப் பாட்டும், மணியடித்துக்கொண்டு ‘ஒரு பெண் கிடைத்தால் போதும்’ என்று பாடும் பாட்டும் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் வகை, நம் சரணங்கள் போல. ஒரு சரணத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் யாருக்கும் தெரியாது. அறிமுகப் பாட்டும், கடைசியில் அவன் துணையைக் கண்டு பாடும் ஜோடிப் பாட்டும் ஜி மேஜர் என்ற ஒரே சுரவரிசையில் அமைந்திருக்கின்றன. அதில் தொடங்கி இதில் முடித்தால், வீட்டுக்குத் திரும்பிவந்த உணர்வு தானாக வரும். நீங்கள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மொசார்ட் செய்துவைத்துவிட்டார்.

அவன் ஊதும் சின்னக் குழல் இன்னொரு வரம். ஐந்தே சுரம், படிப்படியாக மேலே ஏறும். நீங்கள் வெட்டிய இரண்டு பகுதிகளை ஒட்டவைக்க அந்த ஐந்து சுரத்தைப் பயன்படுத்துங்கள்.

வெட்டவேண்டிய வேறொன்றும் இருக்கிறது. மோனோஸ்டாட்டோஸ் என்ற கறுப்பின வேலையாள் ஒருவன் பமீனாவைத் துன்புறுத்துபவனாக வருகிறான். ‘கறுப்பன் அழகில்லாதவன் என்பதால் எனக்குக் காதல் மறுக்கப்படுகிறது’ என்ற பொருளில் அவனே பாடுகிறான். பூசாரிகள் பெண்களின் சூழ்ச்சியிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிப் பாடுகிறார்கள். இதெல்லாம் அந்தக் கால வியன்னாவின் பார்வை என்று சொல்லி அப்படியே வரைந்துவிடக் கூடாது. மேடையிலாவது நடிகர் ஒருவர் அந்தப் பாத்திரத்துக்குத் தன் முகத்தைக் கொடுத்து மனிதனாக்க முடியும். அனிமேஷனில் முகத்தை முழுவதும் நாம் வரைகிறோம், அதனால் பொறுப்பும் நம்முடையது. நிறத்தை வைத்து இழிவுபடுத்துவது என்னவென்று நம் சமூகத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. பாத்திரத்தை விட்டுவிடுங்கள். கதைக்கு அவன் தேவையென்றால், அவனுடைய கெட்ட செயலை அவன் தோலோடு முடிச்சுப் போடாத ஓர் உருவம் கொடுங்கள்.

நேரம் நின்றுபோகும் இடம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓபராவில் ஆரியா எனப்படும் தனிப்பாட்டு வந்தால் கதை நின்றுவிடும். ஒரு கணத்தில் மனதில் தோன்றியதை நாலு நிமிடம் விரித்துப் பாடுவார்கள். ஒரே வரி பத்துமுறை வரும். நம் சினிமாப் பாட்டில் ஊறியவர்களுக்கு இது புதிதல்ல. நாம் அங்கே என்ன செய்கிறோம்? மலை, அருவி, உடை மாற்றம். ஓபராவை வரைய வரும் புதியவரின் கையும் அங்கேதான் போகிறது: பூ விழும், மழை பெய்யும், பழைய நினைவு மங்கலாக வரும். காட்சி நிரம்பிவிடும், பாட்டு காதில் விழாது.

பமீனாவின் சோகப் பாட்டை எடுத்துக்கொள்வோம். தமீனோ மௌன விரதத்தில் இருக்கிறான். பேசினால் சோதனையில் தோற்றுவிடுவான். அது அவளுக்குத் தெரியாது. அவள் பேசுகிறாள், அவன் திரும்பவில்லை. தன் மேல் இருந்த அன்பு போய்விட்டது என்று முடிவு செய்கிறாள். பாட்டுக்குக் கீழே தந்தி வாத்தியங்கள் விட்டுவிட்டு ஒலிக்கின்றன, தயங்கி நடக்கும் காலடி போல. அவள் பாடி முடித்த பிறகும் இசை சில பார்களுக்குத் தொடர்கிறது.

இங்கே நான் சொல்லும் முறை: பாட்டு முழுவதற்கும் மெல்ல நடக்கும் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அவள் கையில் இருக்கும் விளக்கு, அவனை நோக்கி நீண்டிருக்கிறது. முதல் பாரில் கை உயரத்தில் இருக்கிறது. கடைசிப் பாரில் தொடை அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாலு நிமிடத்தில் ஒரு கை இறங்குகிறது, அவ்வளவுதான். விளக்கு இறங்க இறங்க அவளுக்குப் பின்னால் சுவரில் விழும் அவள் நிழல் உயர்ந்துகொண்டே போகிறது. அவள் நிறுத்திய பின் வரும் இசைக்கு மட்டும் அவன் முகத்தைக் காட்டுங்கள். நாலு நிமிடமாகப் பார்வையாளர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கும்.

இரவு ராணியின் கோபப் பாட்டு இதற்கு நேர் எதிர். மகள் கையில் கத்தியைக் கொடுத்து, ஸராஸ்ட்ரோவைக் கொல், இல்லையென்றால் நீ என் மகள் இல்லை என்கிறாள். மூன்று நிமிடம். நடுவே சொற்கள் தீர்ந்துபோய், வெறும் சுரங்கள் ஊசி ஊசியாக உச்சியில் குத்துகின்றன. சொல்லால் சொல்லமுடியாத அளவுக்குக் கோபம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். மேடையில் இதைப் பாடும்போது பாடகியால் அதிகம் அசைய முடியாது. நம்மால் அந்தக் கோபத்தை வரைய முடியும். 1816இல் பெர்லினில் இந்த ஓபராவுக்குக் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷிங்கெல் அமைத்த மேடை இன்றைக்கும் பேசப்படுகிறது: கருநீலக் குவிமாட வானம், அதில் வரிசை வரிசையாக ஒழுங்காகக் கோத்த நட்சத்திரங்கள், நடுவில் பிறைமேல் ராணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒரு காட்சி உண்டு. ஊசிச் சுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் வரிசையை விட்டுத் தெறிக்கவேண்டும். பாட்டு முடியும்போது வானத்தில் ஒழுங்கே மிஞ்சியிருக்கக் கூடாது. விருப்பமிருப்பவர்கள் எடுத்துச் செய்யுங்கள்.

உருவமும் பொருளும்

தொடங்குபவர்களுக்கு வெட்டுக் காகித முறையைத்தான் பரிந்துரைப்பேன். ரைனிகர் கருப்பு அட்டையில் உறுப்புகளைத் தனித்தனியாக வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கோத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிமேல் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் எடுத்தார். ஒரு கண்ணாடிப் பலகை, டிரேசிங் காகிதம், ஒரு எல்இடி விளக்கு, ஆடாமல் பொருத்திய கைபேசி இருந்தால் இன்றைக்கு வீட்டிலேயே செய்யலாம். நிழலுருவத்தில் முகபாவம் தெரியாதே என்று பயப்படவேண்டாம். ஓபராவில் முகபாவத்தைக் குரலே கொடுத்துவிடுகிறது. படம் அதை இரண்டாவது முறை சொல்லத் தேவையில்லை.

கரி முறையும் நல்லது. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரியால் வரைந்து, படமெடுத்து, அழித்து, மேலேயே மறுபடி வரைவார். அழித்த தடம் தாளில் தங்கிவிடும். 2005இல் பிரஸ்ஸல்ஸில் இதே ஓபராவை மேடையேற்றியபோது தன் அனிமேஷனை மேடையில் ஒளிவீச்சாகப் பயன்படுத்தினார். பமீனாவின் பாட்டுக்குக் கரிதான் பொருந்தும். பொம்மையை நகர்த்தும் ஸ்டாப் மோஷன் அழகானது, ஆனால் இடமும் பணமும் பொறுமையும் கேட்கும். அதை இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் வரைபவர்களுக்கு கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம்.

சுரத்துக்கு ஃப்ரேம்

1791 அக்டோபரில் மனைவி கான்ஸ்டான்ஸாவுக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட் ஒரு குறும்பை விவரிக்கிறார். பாப்பகேனோவின் மந்திர மணியை மேடையில் ஷிக்கானேடர் அடிப்பது போல் பாவனைதான் செய்வார், உண்மையில் வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார். அன்று மொசார்ட்டே போய் அங்கே உட்கார்ந்துகொண்டு, ஷிக்கானேடர் எதிர்பாராத இடத்தில் வாசித்துவிட்டார். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, அடுத்த முறை வேண்டுமென்றே வாசிக்காமல் இருந்தார். ஷிக்கானேடர் நின்றுவிட்டார். பிறகு மொசார்ட் மறுபடி வாசிக்க, ஷிக்கானேடர் மணியை ஒரு தட்டு தட்டி ‘வாயை மூடு’ என்றார். அரங்கமே சிரித்தது. அந்த வாத்தியத்தை ஷிக்கானேடர் வாசிக்கவில்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று மொசார்ட் எழுதுகிறார்.

கையும் ஒலியும் பொருந்துவது என்றால் என்ன என்று யாருக்காவது விளக்கவேண்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன். பொருந்தி இருக்கும்வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஒருமுறை நழுவினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பொருத்தும் முறை இதுதான். ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஓடவிடுங்கள். ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் கண்ட்ரோல் விசையோடு எம் அழுத்தினால் ஒரு குறி விழும். பாட்டு முடிந்ததும் குறிகளை எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்தால் நொடிக் கணக்கு வரிசையாகக் கிடைக்கும். அதை 24ஆல் பெருக்கினால் ஃப்ரேம் எண். 12.5 நொடியில் விழுந்த அடி என்றால் 300ஆம் ஃப்ரேம். இந்த எண்களை ஒரு நீளத் தாளில் பார் வாரியாக எழுதி, கீழே சொற்களையும் அதற்குக் கீழே அசைவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோமோடு பதிவு செய்தவர்களுக்கு இன்னும் சுலபம். 1440ஐ நிமிடத்துக்கான அடிகளால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று வந்துவிடும். 120 அடி என்றால் 12, 96 என்றால் 15.

தாள் தயாரான பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஓர் அசைவு வைக்கவேண்டும் என்ற ஆசை வரும். வைக்காதீர்கள். எல்லா அடிக்கும் தலையாட்டும் படம் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். முக்கியமான ஒன்றிரண்டு அடிகளைத் தேர்ந்து அவற்றைச் சரியாகத் தொடுங்கள். மற்ற இடங்களில் அசைவு பார்களைக் கடந்து ஓடட்டும்.

ஸ்டோரிபோர்டுப் படங்களை அந்தந்த நேரத்துக்கு வைத்து, பாட்டோடு ஓடும் அனிமேட்டிக் ஒன்றை இந்தக் கட்டத்தில் கட்டாயம் செய்யுங்கள். ஓபரா தெரியாத ஒருவரிடம் அதைக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதைதான் உங்கள் படம். மாற்றவேண்டியதை எல்லாம் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வாயைத் திறக்கும்போது

பூட்டு கழன்ற பிறகு உதட்டசைவைத் தவிர்க்கமுடியாது. பாட்டில் உயிரெழுத்துதான் நீளும், மெய் நொடிப்பொழுதில் கடந்துபோகும். எனவே வாய் வடிவத்தை உயிரெழுத்துக்கு வைத்து, இடையில் மெய்களைத் தொட்டுச் செல்லுங்கள். ப, ம பிறக்க இரண்டு இதழும் இயையவேண்டும், வ பிறக்கப் பல்லும் இதழும் சேரவேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. அனிமேஷனுக்கும் அந்த விதி அப்படியே பொருந்தும். இந்த மூன்றைத் தவறவிட்டால் பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார், மற்றவற்றைப் பெரும்பாலும் மன்னித்துவிடுவார். வாய் வடிவம் ஒலிக்கு ஓரிரு ஃப்ரேம் முன்னால் வரட்டும்.

அதைவிட முக்கியம் மூச்சு. வரி தொடங்குவதற்குச் சுமார் பத்து ஃப்ரேம் முன்பே மார்பு விரிந்து தோள் உயரவேண்டும். இதைச் செய்தால் காகித உருவமும் பாடுகிறது என்று நம்பிவிடுவார்கள். நீண்ட சுரத்தில் வாயைத் திறந்தபடி உறையவைக்காமல், தாடையை மிக மெல்ல இறக்கிக்கொண்டே இருங்கள். குரல் அதிர்வதற்கு ஏற்ப உதட்டையும் நடுங்கவைக்கவேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது.

தமிழில் பாடலாமா

பாடலாம். கீழே எழுத்து ஓடவிட்டு ஜெர்மனிலேயே விடுவதும் சரிதான். சிறுவர்களுக்கான படம் என்றால் தமிழில் பாடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் தமிழில் ஒரு கண்டம் இருக்கிறது. நம் மொழியில் உயிரின் அளவு பொருளையே மாற்றும். ‘என்னை விடு’ என்று எழுதி, ‘வி’யை ஒரு நீண்ட சுரத்தில் வைத்துவிட்டால் பாடுபவர் வாயிலிருந்து ‘என்னை வீடு’ என்றுதான் வரும். மனம் மானமாகும், கல் காலாகும். எனவே மெட்டில் எங்கெல்லாம் சுரம் நீள்கிறதோ அங்கெல்லாம் நெடில் விழும்படி சொற்களைத் தேடுங்கள். குறில் தவிர்க்கமுடியாத இடத்தில், அதை அடுத்து ம், ன், ல் போன்ற ஒலிக்கும் மெய் வந்தால் அதில் கொஞ்சம் தங்கலாம். உச்ச சுரத்தில் ஆ, ஓ போன்ற திறந்த உயிர்களை வையுங்கள். அங்கே ஈ, ஊ வந்தால் பாடகிக்குத் தொண்டை இறுகும். பெரும்பாலான நம் சொற்கள் உயிரிலோ ம், ன், ல் போன்ற மெல்லிய மெய்யிலோ முடிகின்றன. ஜெர்மனில் சொல்லின் கடைசியில் கொத்தாக வந்து நிற்கும் மெய்கள் நம்மிடம் இல்லை. அந்த வகையில் தமிழ் பாட வசதியான மொழி. நடை பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாப்பகேனோ இலக்கணச் சுத்தமாகப் பேசினால் அவன் பாப்பகேனோவே இல்லை.

எழுத்து ஓடவிடுபவர்களுக்கு ஒன்று: வரி திரும்பத் திரும்ப வரும்போது எழுத்தையும் திரும்பப் போடாதீர்கள். முதல் முறை போட்டு எடுத்துவிடுங்கள். அப்புறம் கண் படத்துக்குத் திரும்பும்.

கடைசிப் பயிற்சி

பூட்டுக் காட்சி முடிந்து, உதட்டசைவும் பழகிவிட்டதென்றால் ஓபராவின் முடிவுக்குப் பக்கத்தில் வரும் ஜோடிப் பாட்டுக்குப் போங்கள். துணை கிடைக்காத துக்கத்தில் பாப்பகேனோ உயிரை விடத் துணிகிறான். மூன்று எண்ணுவதற்குள் யாராவது தடுக்கமாட்டார்களா என்று குழலை ஊதி ஊதி, தயங்கித் தயங்கி எண்ணுகிறான். மூன்று சிறுவர்கள் வந்து தடுத்து, மணியை அடித்துப் பார் என்கிறார்கள். சிறுவர்களுக்கான படம் என்றால் எண்ணுவதை விட்டுவிட்டு, அவன் குழலை ஊதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பில் படத்தை அசைக்கவேண்டாம். ஓர் இறகு மட்டும் காற்றில் ஆடட்டும்.

மணி ஒலிக்கிறது, பாப்பகேனா வருகிறாள். இருவருக்கும் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அவன் ‘ப’ என்கிறான், அவள் ‘ப’ என்கிறாள். அப்புறம் ‘ப ப’, அப்புறம் ‘ப ப ப ப’ என்று வேகமெடுத்து, கடைசியில்தான் ஒருவர் பெயரை ஒருவர் முழுதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ‘ப’வுக்கும் உதடு மூடித் திறக்கவேண்டும். முதல் ‘ப’வுக்கு முன்னால் உதட்டை எட்டு ஃப்ரேமாவது மூடியே வைத்திருங்கள். அதே வாயில் முன்பு பூட்டு தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த எட்டு ஃப்ரேம் போதும்.